திரும்பி வரும் தேதி

அன்பு மகள் ஷைனிக்கு,

விசா கவுண்டரில் நான், உன் அப்பா, அதிகாரி, மொழிபெயர்த்த பெண், நான்கு பேர்தான் இருந்தோம். காகிதமெல்லாம் சரியாகவே இருந்தது. "மகளின் பிரசவம் பார்த்துவிட்டு முப்பது நாளில் திரும்பிவிடுவீர்களா?" என்று கேட்டார்கள்.

"ஆண்டவருக்குச் சித்தமானால் வருவேன்" என்றேன். பக்கத்திலிருக்கிற திருக்கோவிலூர் போனாலும் அப்படித்தானே சொல்வேன். திரும்புவது உறுதியில்லை என்று எழுதி, இருவருக்குமே மறுத்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா, "ஆமான்னு சொல்றதுக்கு இன்னா? ஆண்டவருக்கும் சேத்தா விசா கேட்டோம்?" என்றார்.

மறுபடி விண்ணப்பிக்கலாமாம். இந்த முறை வெறும் ஆமாம் சொல்கிறேன். ஆண்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் புது அழைப்புக் கடிதம்தான் வேண்டும். மூன்று நாளாக நீ போன் எடுக்கவில்லை. நான் வரட்டுமா, வேண்டாமா என்று சீக்கிரம் எழுது.

உன் அம்மா