வலையை எண்ணெய் என்று படித்த வரைபடம்

அனுப்புநர்
தி. நீலா (க/பெ. திருமுருகன்),
தலைவி, கருவாட்டுப் பெண்கள் குழு,
கொடிமேட்டுக் குப்பம், எண்ணூர்.

பெறுநர்
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
கடற்கரை மண் ஆய்வுப் பிரிவு,
திருவொற்றியூர்.

பொருள்: எங்கள் கருவாட்டுக் களத்தை எண்ணெய் படிந்த நிலம் என அறிவித்த உத்தரவை நீக்கவும், வரைபடத்தின் மற்றப் பகுதியைக் காக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அழுது புலம்புவதற்காக இம்மனுவை எழுதவில்லை. நியாயம் எங்கள் பக்கம் இருக்கிறது. அதற்கான ஆதாரம் தங்கள் அலுவலகக் கணினியிலேயே இருக்கிறது.

1. கடந்த மாதம் தங்கள் பிரிவு எங்கள் கரையின் மேல் ஒரு டிரோனைப் பறக்கவிட்டது. அதிலிருந்தது மீநிறமாலைக் கேமரா; ஒளியை இருநூற்றுக்கும் மேற்பட்ட பட்டைகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நிறங்களையும் பதியக்கூடியது. அந்தப் படங்களை ஆழ்கற்றல் மென்பொருள் ஒன்று புள்ளி புள்ளியாக ஆராய்ந்து, இது மணல், இது சேறு, இது எண்ணெய் என்று வகை பிரித்தது. எங்கள் களம் முழுக்கச் சிவப்பு. சிவப்பென்றால் எண்ணெய். அடுத்த வாரமே களத்து வாசலில், "எண்ணெய் படிந்த நிலம். உணவுப் பொருள் உலர்த்தத் தடை" என்ற பலகையை நட்டுவிட்டார்கள்.

2. டிரோன் வந்த அன்று எங்கள் குப்பத்துப் பெரியவர் வெள்ளத்துரை காலமாகியிருந்தார். ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் முடியும்வரை எங்களில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே எல்லாப் படகுகளின் வலையும் களத்தில்தான் விரிந்து கிடந்தது. கருவாட்டை மூடும் தார்ப்பாய்களும் அங்கேதான். தலைக்கு மேல் டிரோனைக் கண்டதும், இறுதி ஊர்வலத்தைப் படம் பிடிக்க உறவினர் யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். பெரியவரின் மகள் சொக்கம்மாள் அழுகையை நிறுத்தி, "நைனா மூஞ்சிய நல்லா எடுக்கச் சொல்லுங்கப்பா, மால மறச்சிகினு கீது" என்றார். அரசுக் கேமரா என்று தெரிந்திருந்தால் வலையைச் சுருட்டியிருப்போம். சொல்லாமல் வந்தது தங்கள் தவறு, ஐயா. கைகாட்டி வரவேற்றது எங்கள் தவறு.

3. தடை வந்த பிறகு தங்கள் பிரிவின் பொறியாளர் செல்வி சௌமியா அவர்களைச் சந்தித்தேன். அவர் முகம் சுளிக்காமல் கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்த மென்பொருள் முடிவை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. எந்த இடத்தில் எந்தப் பட்டைகளைப் பார்த்து அப்படி முடிவு செய்தது என்பதையும் ஒரு காரணப் படமாகத் தருகிறது. உத்தரவோடு எங்களுக்கு வந்தது சிவப்புப் படம் மட்டும்தான். உத்தரவில் கையெழுத்திட்டவர்கள் காரணப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

4. கண்ணுக்குத் தெரியாத பட்டைகளுள் சிலவற்றில் எண்ணெய் ஒளியை விழுங்கிவிடுமாம். நைலான் வலையும் தார்ப்பாயும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. அவையும் அதே பட்டைகளில்தான் ஒளியை விழுங்கும். மென்பொருளுக்குக் கற்பித்த படங்களில் மணலில் விரித்த வலை ஒன்றுகூட இல்லை. பாவம், தெரிந்ததை வைத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் களத்தில் அது சுட்டிய இடங்களைப் பாருங்கள்: ஓரமெல்லாம் நேர்க்கோடு, மூலையெல்லாம் சதுரம். எண்ணெய் இப்படி மூலை மடித்துப் படுக்குமா, ஐயா?

5. பலகையை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். கொருக்குப்பேட்டையில் எங்கள் சரக்கை விற்கும் மரியம், "நீலாக்கா, ஒன் கருவாட்ட நான் துன்னுவேன். வாங்க வர்றவங்க போட்டோவ காட்டிக் கேக்குறாங்க, ஒரே பேஜாரா கீது" என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் களத்தை விட்டால் மீன் உலர்த்த எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

6. இதற்கிடையே தங்கள் உதவியாளர் திரு. அன்புமணி ஒரு வழி சொன்னார்: "மேப்பே தப்புன்னு மொத்தமா கேன்சல் பண்ணிடலாம்மா, ரெண்டு பேருக்கும் தலவலி வுட்டுச்சி." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நாங்கள் ஒப்பமாட்டோம். அதே வரைபடத்தில் முகத்துவாரத்தின் வடகரையிலும் ஒரு சிவப்பு இருக்கிறது. அங்கே யாரும் வலை விரிப்பதில்லை, பாய் போடுவதில்லை. காரணப் படத்திலும் அங்கே நேர்க்கோடு இல்லை. அலை ஏறி இறங்கும் தடத்தோடு வளைந்து போகிறது. நேரில் போய்க் கால் வைத்தால் செருப்பில் கறுப்பாக அப்பிக்கொள்கிறது. இறால் பிடிக்கப் போகிறவர்கள் எத்தனையோ முறை சொல்லியும், வெறும் சேறு என்று அதிகாரிகள் தள்ளிவிட்ட இடம் அது. இப்போதுதான் முதன்முறையாக ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. எங்கள் பெயரைச் சொல்லி அந்தச் சாட்சியை அழித்துவிடாதீர்கள்.

ஆகவே, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு டிரோனை மறுபடி பறக்கவிடுங்கள். களத்தைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறோம். பிறகு வலைகளை விரித்தும் ஒருமுறை படமெடுத்து மென்பொருளுக்குக் கற்றுக்கொடுங்கள். வேண்டிய வலைகளை நாங்களே தருகிறோம். இனி எந்த உத்தரவானாலும் காரணப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். களத்தின் மீதான தடையை நீக்குங்கள்.

பிடுங்கும் பலகையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எழுதியிருப்பது சரிதான், நட்ட இடம்தான் தப்பு. முகத்துவாரத்தின் வடகரையில் அதற்கான குழியை நாங்களே தோண்டி வைத்துவிட்டோம். தாங்கள் வந்து நட்டால் போதும்.

நாள்: 12.02.2025
இடம்: எண்ணூர்

களத்துப் பெண்கள் அனைவர் சார்பிலும்,
(ஒப்பம்) தி. நீலா