ஏரியைக் கேட்டதாகச் சொல்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் காய்ந்த பாசி ஒன்று மடியில் விழுந்தது. பல்லி என்று நினைத்துக் கத்திவிட்டேன். வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து, "நீயா கத்தின? உனக்குக் குரல்கூட இருக்கா?" என்று கேட்டார். பல்லிக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

உனக்கு ஏரிக்கரையில் சிக்னல் இல்லை. எனக்கோ போனைக் கண்டாலே காது எரிகிறது. ஆகவே கடிதமே நல்லது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க என் வேலை என்ன? "தண்ணி வரல" என்று கத்துகிறவர்களிடம் "பார்க்கிறோம் சார், சொல்லிட்டோம்மா" என்பது. வாய் உள்ள உன்னைப் பறவை பார்க்க அனுப்பிவிட்டு, கல்லூரியில் நீ ஊமைக் கோட்டான் என்று பெயர் வைத்த என்னைப் போனுக்கு முன்னால் உட்கார்த்தியிருக்கிறார்கள். நம் விண்ணப்பங்களை யாரோ மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மா சொல்கிறாள்: "நம்ம வம்சத்துல முதல் பட்டம். அத வச்சுக்கிட்டு ஊரார்கிட்ட திட்டு வாங்குறியே."

உன் கட்டில் அப்படியே இருக்கிறது. அதன்மேல் துணிகூடக் காயப்போடுவதில்லை. ஒரு பெண் அறை கேட்டு வந்துபோகிறாளாம். மே மாதம் நீ வந்துவிடுவாய் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் முழுக்க "எங்கள் ஏரி", "எங்கள் கரை", "நாங்கள் நீந்தினோம்". அந்த நாங்கள் யார்? நீயும் படகுக்கார அக்காவுமா? நீயும் நாரைகளுமா? யாராக இருந்தாலும் நான் அதில் இல்லை. "நாம்" என்று எழுதியிருந்தால் நானும் உள்ளே வந்திருப்பேன். இலக்கண வகுப்பில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கியவள் என்பதால் இந்த முறை மன்னிக்கிறேன்.

உன் ஏரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கோட்டான்


ஜனவரி 27

என் ஊமைக் கோட்டானுக்கு,

பொறாமைக்காரி. கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் முக்குளிப்பான் ஒன்று பயந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

நாங்கள் என்றால் யார் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான். படகுக்கார அக்கா. என் அறை உத்தரத்தில் கூடு கட்டியிருக்கும் தகைவிலான் குருவி, அதன் வீட்டுக்காரர். அவர்கள் போய்வர ஒரு சன்னலைச் சாத்துவதே இல்லை. என் தலையணைமேல் எச்சம் விழுகிறது. நான்தான் கட்டிலை நகர்த்திப் போட்டேன். அவர்கள் எனக்கு முந்தி குடிவந்தவர்கள்.

இந்த வருஷம் இங்கே எல்லாமே தப்பாக நடக்கிறது. வரவேண்டிய வாத்துகளில் பாதி வரவில்லை. வந்தவையும் திரும்பிப் போகப் பறக்கின்றன. வெயில் இப்போதே அடிக்கிறது. காலையில் தண்ணீரின் ஆழமும் சூடும் பார்க்கிறேன். பிறகு பறவைகளை எண்ண வேண்டும். முதலில் எண்ணிக்கொண்டே இருந்தேன், அக்காவிடம் பேசிக்கொண்டே. ஒருநாள் அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ அத எண்ணுறது இருக்கட்டும். அது உன்ன எண்ணிக்கிட்டு இருக்கு. வாய மூடு."

மூடினேன். நம்பமாட்டாய். நேற்றுக் காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் முழங்கால் தண்ணீரில் நின்றேன். நாரை ஒன்று மெதுவாக நடந்து வந்து என் நிழலில் நின்றது. வெயில் தாங்காமல்தான். என்னை மரம் என்று நினைத்திருக்கும். கோட்டான், என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை கொடுத்ததில்லை. கால் மரத்துப்போனது. அசையவில்லை.

இன்னொன்று. இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று பறவை ஆய்வு நிலையத்தில் கேட்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
வாயாடி


பிப்ரவரி 20

வாயாடிக்கு,

நான் என்ன சொல்கிறேன் என்றா கேட்கிறாய்? முடிவு செய்துவிட்டுக் கேட்பவளிடம் என்ன சொல்வது?

உன் நாரை கதையைப் பல தடவை படித்தேன். நன்றாக இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது. பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்த சொத்து. நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்தும் என்னால் உன் வாயை மூட முடியவில்லை. ஏரி ஏழெட்டு மாதத்தில் மூடிவிட்டது. தேர்வுக்கு முந்தின நாள் "கொஞ்சம் சும்மா இருடி" என்று அழாத குறையாகக் கேட்டேனே, அப்போது உனக்குக் கால் மரத்துப்போயிருக்கலாம் அல்லவா?

இங்கே செய்தி கேள். நகரத்து நீர்த்தேக்கம் அடிவரை காய்ந்துவிட்டது. வரைபடத்தில் நீலமாக இருந்த இடத்தில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். குழாயில் காற்றுதான் வருகிறது. போன் ஓய்வதே இல்லை. போன திங்கட்கிழமை பொறியாளர் வந்து, "இனிமே லாரி வரும்னு சொல்லுங்க. வேற ஏரியிலேர்ந்து எடுக்குறோம்" என்றார். எந்த ஏரி என்று கேட்டேன். நான் வாய் திறந்து கேட்டதே அவருக்கு அதிசயம். பெயரைச் சொன்னார்.

உன் ஏரி.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நீ வராவிட்டால் என்ன, உன் ஏரி வருகிறது. அன்று குடத்தோடு வரிசையில் நின்றபோது, உன்னைப் பார்க்க வந்தவளைப்போல் நின்றேன். தண்ணீரில் நீ அனுப்பிய பாசியின் வாசனை அடித்தது. அதில்தான் முகம் கழுவினேன். உன் அக்கா மட்டும்தான் அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டுமா என்ன?

குடத்தின் அடியில் ஒரு நத்தை கிடந்தது. சுண்டுவிரல் நகம் அளவு. அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு உன் கட்டிலுக்கு மேல் சன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். இது எங்கள் நத்தை. உனக்குப் பங்கு கிடையாது.

இன்னும் ஒரு வருஷமா? இரு, தாராளமாக இரு. நாங்கள் இங்கே இழுக்கிற இழுப்புக்கு உன் ஏரி மே மாதம்வரை தாங்காது. வற்றட்டும். வற்றினாலாவது மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேருவாய்.

கோட்டான்


மார்ச் 14

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை மிதிக்கிறார்.

போன கடிதத்தின் கடைசி வரிகள் விளையாட்டுக்கு எழுதியவை. சரி, பாதி விளையாட்டு. மீதிப் பாதியை நீ படிக்காததுபோல் இருக்கக் கூடாதா? எத்தனையோ விஷயத்தில் அப்படி இருந்திருக்கிறாயே.

நத்தை நன்றாக இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உன் ஞாபகம் வருகிறது. அது தின்ன என்ன போடுவது என்று உன்னிடம் கேட்க நினைத்து, கேட்காமல் வாடின கீரை போட்டேன். தின்றது. ஜாடியின் பக்கத்தில் கூழ்போல என்னவோ ஒட்டியிருக்கிறது. முட்டையாக இருக்கலாம். ஒண்டியாக வந்தவள் எப்படி முட்டையிட்டாள் என்று கேட்டு அவள் மானத்தை வாங்காதே.

அந்தக் கடிதத்தைப் படகுக்கார அக்காவுக்குப் படித்துக் காட்டினாயா? இரண்டு பேரும் உட்கார்ந்து என்னைப் பேசிச் சிரித்தீர்களா? அல்லது பேசாமலே சிரித்தீர்களா? இப்போது உனக்கு அதுவும் தெரியுமே.

கோபம் என்றால் திட்டி எழுது. திட்டு வாங்குவதுதான் என் உத்தியோகம்.

கோட்டான்


மார்ச் 30

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன.

முதலாவது வந்த அன்று காலையில் மீன்கள் மிதக்கத் தொடங்கியிருந்தன. தண்ணீர் கெண்டைக்கால் ஆழத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆழத்தில் வெயில் அடித்தால் அது ஏரி இல்லை, அடுப்பில் வைத்த பாத்திரம். முதலில் சின்ன மீன்கள். மறுநாள் பெரியவை, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு. நாங்கள் கூடை கூடையாக அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். என் கையில் இன்னும் அந்த நாற்றம் போகவில்லை. இந்தத் தாளிலும் இருக்கும்.

அக்கா படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து வைத்தாள். "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாதும்பாங்க. யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள். உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. காட்டவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அப்போதும் வரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

பயப்படாதே. உன் கண் பட்டு ஏரி வற்றவில்லை. அவ்வளவு சக்தி உனக்குக் கிடையாது. வெயிலும் லாரியும் போதும். நீங்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தாகத்துக்குக் குடிப்பவரிடம் என்ன சொல்வது? ஆனால் வற்றட்டும் என்று எழுதினாயே. எனக்காக அதை எழுதினாயே. அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எங்கள்" என்று எழுதி உன்னை வெளியே தள்ளினேன் என்கிறாய். உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்திலிருந்து "உன் ஏரி", "உன் நாரை", "உன் அக்கா". ஒருமுறைகூட நீ கிட்டே வரவில்லை. தள்ளி நிற்பவளை உள்ளே வைத்து நான் எப்படி எழுதுவேன்?

நான் வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருப்பதாகச் சொல்லிவிட்டேன். நன்றாக இருந்தபோது கூட இருந்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும்போது எழுந்து வர முடியாது. கட்டிலை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு.

வாயாடி என்று கையெழுத்துப் போடத் தோன்றவில்லை. இங்கே பேச ஒன்றும் இல்லை.


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

நீ அப்படிக் கையெழுத்துப் போடாவிட்டாலும் எனக்கு வேறு பெயர் தெரியாது.

கட்டிலைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் மருத்துவமனையில் நர்ஸ். நல்லவள். குறட்டை விடுகிறாள். உன் தலையணையை மட்டும் என் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் வேலையில் ஒன்று நடந்தது. ஓர் அம்மா போனில், "எங்க தெருவுக்கு லாரி வரல, என்ன பண்றீங்க அங்க?" என்று கத்தினார். பார்க்கிறோம்மா என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். "அந்தத் தண்ணியில ஒரு படகு நின்னுச்சும்மா. இப்ப கவுத்து வச்சிருக்காங்க" என்று வந்துவிட்டது. பிறகு, "அதுக்கு நான் என்னடி பண்றது? பிள்ளைங்கள குளிப்பாட்டாம இருக்கட்டுமா?" என்றார். "தெரியலம்மா. நானும் அதுலதான் குளிக்கிறேன்" என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். மத்தியானம் அவரே மறுபடி கூப்பிட்டார். "அதுல மீனெல்லாம் இருந்திருக்குமே, என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, வை" என்றார். லாரியைப் பற்றிக் கேட்கவில்லை.

அன்று முதல் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. குரல் நடுங்குகிறது. ஆனாலும் வருகிறது. மேலாளர் கூப்பிட்டு, "நீ புகார் வாங்குற ஆளா, குடுக்குற ஆளாம்மா?" என்றார். பதில் சொல்லவில்லை. பழைய திறமை எங்கே போகும்.

முட்டைகள் பொரிந்துவிட்டன. மிளகளவு குஞ்சுகள், முதுகில் ஓட்டோடுதான் வந்திருக்கின்றன. எண்ணவில்லை, பார்க்கிறேன். ஜாடி போதாமல் வாளிக்கு மாற்றினேன். நம்பினால் நம்பு, எனக்கு இவற்றின்மேலும் பொறாமையாக இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டால் யார் நீ, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மே முதல் வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நத்தைகளைக் கொண்டுவரலாமா? அவை நனைய அங்கே தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? நான் கரையில் நிற்கிறேன். இறங்கச் சொன்னால் இறங்குகிறேன்.

கீழே உள்ள மைக்கறையை மன்னித்துவிடு. உன் ஏரி என்று எழுதி அடித்தேன். வேறொரு வார்த்தை போட்டுப் பார்த்தேன். கதவைத் தட்டாமல் நுழைந்ததுபோல் இருந்தது. அதையும் அடித்துவிட்டேன்.

ஏரியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கோட்டான்


ஏப்ரல் 27 (அஞ்சலட்டை)

கோட்டானே,

தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கிறது. நத்தைக்குப் போதும். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடு, சேறு இழுக்கும்.

அக்காவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். "கோட்டான் இப்படிச் சொன்னா, கோட்டான் அப்படிச் சொன்னான்னு வந்த நாள்லேர்ந்து என் உயிர வாங்குறியே, அவ அப்படி என்ன பெரிய இவ?" என்று கேட்கிறாள். பொறாமை. நேரில் வந்து நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஏரியில் இப்போது நிழல் குறைவு. இரண்டு நாரைகள் வந்து நிற்கின்றன. என் நிழல் ஒன்றுக்குத்தான் போதும்.

வா.

வாயாடி