நீ சொன்ன ஒரு விரல் தூரம்

என் வாயாடி மச்சானுக்கு,

நீ வெளிநாடு போய் ஆறு மாதம். கொட்டாஞ்சேனையில் எல்லோரும் சுகம். நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன்: நம் சண்டையில் நீதான் வென்றாய். அங்கிருந்து மீசையை முறுக்காமல் மீதியையும் கேள்.

ஒருகொடவத்தைப் பழைய இரும்பு யார்டிலிருந்து உடைந்த ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? "ஒட்டினா இது ராசா மச்சான், ஒரு விரல் தள்ளினா பிச்சைக்காரன்" என்றாய். "பாதிப் பலமாவது மிஞ்சாதோ?" என்று நக்கலடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன கணக்குத் தெரியும்?

போன மாதம் உன் மருமகள், என் மகள் கௌரி, கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள். நாட்டு நிலைமை தெரியும்தானே, குளிக்கவும் அடையாள அட்டையோடுதான். அட்டையும் அலுமாரிச் சாவிக்கொத்தும் இருந்த தகர டப்பா கைநழுவிக் கிணற்றுக்குள் விழுந்து மூழ்கிவிட்டது. மறுநாள் தாதிப் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை. அட்டை இல்லாமல் சந்திச் செக்பொயிண்டையே கடக்க முடியாது. பிள்ளை அழுத அழுகை!

உன் காந்தத்தைக் கயிற்றில் கட்டினேன். உன் தங்கச்சி சும்மா இருப்பாளா? நேர்த்தி வைத்து, மஞ்சள் துணியை விரல் தடிப்புக்குச் சுற்றி முடிச்சும் போட்டாள். இறக்கினேன். டப்பாவில் முட்டுவது கயிற்றில் தெரிகிறது, தூக்கினால் வெறும் தண்ணீர். மூன்று தரமும் அதே கதை.

அப்போதுதான் உன் பேச்சு உறைத்தது. "துணியை அவிழப்பா" என்றேன் அவளிடம்.

"சாமிக்குக் கட்டினதை அவிழ்க்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?"

"காந்தத்தைத் தள்ளி வைச்சிருக்கிறது அந்தத் துணிதான். நான் சொல்லேல்லை, உன்ர கொண்ணன் சொன்னது."

அண்ணன் சொன்னதென்றதும் உடனே அவிழ்த்துச் சாமித் தட்டில் வைத்தாள். பார்த்தாயா, என் சொல்லுக்கு இந்த வீட்டில் உள்ள மதிப்பை?

வெறும் காந்தத்தை இறக்கினேன். கயிறு ஒரு வெட்டு வெட்டியது. மேலே வந்தால், டப்பா காந்தத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குகிறது! பாதியாவது, கால்வாசியாவது! அந்தத் துணித் தடிப்புக்குள்ளேயே பலமெல்லாம் போய்விட்டிருக்கிறது, மச்சான். கௌரி துள்ளினாள்: "மாமா வென்றிட்டார்!" இழுத்தது நான், பேர் உனக்கு.

மறுநாள் ஈர அட்டையைக் காட்டிச் சந்தியைக் கடந்தாள். நேற்றுக் கடிதம் வந்தது. அவளை எடுத்துவிட்டார்கள்!

ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வெள்ளை உடுப்போடு போகும் முதல் நாள், செக்பொயிண்ட் வரை நானும் போவேன். "என்ர மகள், நேர்ஸ்" என்று என் உடைந்த சிங்களத்தில் அங்கே காவல் நிற்கும் ஆமிக்காரனுக்குச் சொல்வேன். அவன் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உன்னிடம் தோற்றுச் சிரிக்கும்,
உன் தங்கச்சி புருஷன்