புழு தூங்கும் நேரம்

அடி நல்லம்மா,

நல்லா இருக்கிறாயா? அங்கே வெயிலா, மழையா? முழங்கால் வலி விட்டதா? நான் இங்கே மைசூரில், நம்ம மாதேசன் வீட்டில் இருக்கிறேன். எனக்கு எழுத்து வராதென்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மாடி வீட்டுக் கல்பனா. தர்மபுரிப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். "நீங்க பேசறத அப்படியே எழுதினா யாருக்கும் புரியாதுங்க தாத்தா, கொஞ்சம் திருத்திக்கறேன்" என்கிறாள். திருத்தட்டும். நீயும் காலமெல்லாம் என்னைத் திருத்திப் பார்த்தவள்தானே.

ஊரில் பட்டுப்புழுக் கொட்டகையை உன் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். இந்தத் தடவை கூடு நன்றாக வந்ததாம். கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எதைக் கேட்டாலும் அப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை.

நீ போனதற்கு நான் அழவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து குளித்தேன். நேரே கொட்டகைக்குப் போய் இலை போட்டேன். கடைசித் தூக்கம் தெளிந்த புழு, அகோரப் பசி. பங்காளிகள் கூடையைப் பிடுங்கினார்கள், நான் விடவில்லை. மாதேசன் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கே வந்தபிறகு ஒருநாள் போனில் யாரிடமோ சொல்கிறான்: "அம்மாவக் குழியில வெச்சுட்டு வந்து புழுவுக்குத் தீனி போட்டாருடா. கல்லு நெஞ்சுடா அந்த மனுசனுக்கு." நான் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குடம் நிரம்பியது. எடுத்து வைத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தேன்.

அவன் சொன்னது நிஜமா நல்லம்மா? எனக்கே தெரியவில்லையே.

இங்கே நான் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. கூட்டுகிறேன், பால் வாங்கப் போகிறேன், மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன். நின்றால் என்ன ஆகும் என்று பயமோ என்னவோ. நீ அப்படி இல்லை. மேட்டூர்க் கல்யாணத்துக்குப் போனோமே, பாலாற்றுச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பது தனிக்கதை. அந்தக் கண்டக்டர் மீசையைப் பற்றியே ஒரு பொழுது பேசலாம். முகூர்த்தம் போய்விடுமே என்று நான் கீழே குதிக்கிறேன், மேலே ஏறுகிறேன். நீ கடலைக்காய் வாங்கி மடியில் கொட்டிக்கொண்டு, "ஏனுங்க, வண்டியே நின்னுபோச்சு, நீங்க எதுக்குங்க ஓடறீங்க? ஏறி உக்காருங்க, மரத்துல காத்து அடிக்குது பாருங்க" என்றாய். முகூர்த்தம் போனது போனதுதான். ஆனால் அந்தக் காற்று இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆம், புழுவின் தூக்கம். பட்டுப்புழு வளர்க்காதவளான கல்பனாவுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. புழு தின்னும்போது கொட்டகைக்குள் மழை பெய்கிற சத்தம். கூடு கட்டுவதற்குள் நாலு தடவை தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதுதான் தூக்கம். அப்போது இலை போடக்கூடாது, தொடக்கூடாது. பழைய தோலைக் கழற்றுகிற நேரம் அது. மழை நின்ற மாதிரி வீடே அடங்கிவிடும். தட்டுகளில் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டு நீ வெளியே சுவரோரம் வந்து உட்காருவாய். "புழுவே தூங்குதுங்க, நீங்களும் சும்மா இருங்க" என்பாய். உன் இடப்பக்கம் நான். கோயிலில்கூட நான் அப்படிச் சும்மா இருந்ததில்லை.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

நம்ம மருமகள் பவித்ரா தையல் கம்பெனிக்குப் போகிறாள். போன வாரம் சாயங்காலம் வந்தவள், தோளில் பையோடு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலை நிமிர்ந்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது, அசைவில்லை. நஞ்சன்கூடு கம்பெனியிலிருந்து மாதேசனும் அப்போதுதான் வந்தான். "பவி, காபி" என்று வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"சத்தம் போடாத. புழு தூங்குது."

என் வாயில் உன் பேச்சு. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நானும் போய் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தேன். நீ போனபிறகு வேலையில்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். ஃபேன் சுற்றுகிறது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை மிதித்து மிதித்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த அந்த மழைச் சத்தம் நின்றுவிட்டது நல்லம்மா. அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்பதே நின்றபிறகுதான் தெரிந்தது.

மாதேசனும் வந்து என் வலப்பக்கம் உட்காரப் போனான். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "அங்க உக்காராத. கொஞ்சம் தள்ளி உக்காரு."

"ஏம்ப்பா? அங்க என்ன இருக்குது?"

கீழே பார்த்தேன். ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குத் தரையை விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவனும் அந்த இடத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பவித்ரா பையை இறக்கிவிட்டு எழுந்து வந்து அவன் முதுகைத் தடவினாள். எனக்கு அழுகை வரவில்லை. கையை மட்டும் அந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். தரை சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு தெரிந்தது.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் கொஞ்ச நேரம் உட்காருகிறோம். போன் இல்லை, டிவி இல்லை. "மாவா, இது சூப்பர் கண்ரீ, கம்பெனியில இதுக்கு லீவே குடுக்கல்லா" என்று மருமகள் தன் கன்னடத் தமிழில் சிரிக்கிறாள். மாமா என்பது அவள் வாயில் மாவா. நடுவில் அந்த இடத்தை யாரும் மிதிப்பதில்லை. அவளாகவே சுற்றிக்கொண்டு போகிறாள்.

என் அழுகை எப்போது வரும்? தோல் கழல எத்தனை நாள் ஆகும்? நீ சொல்ல மாட்டாய். போகட்டும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: இனி நிற்க வேண்டிய நேரத்தில் நான் ஓடமாட்டேன். சாயங்காலத்தில் உன் இடப்பக்கம் வந்து சும்மா உட்காருவேன். அழுகை வந்தாலும் சரி, வராவிட்டாலும்

"மாவா! வாங்க, எல்லாரும் உக்காந்தாச்சு!"

கூப்பிடுகிறாள். கல்பனா, கீழே என் பேரைப் போட்டுவிடு கண்ணு. நல்லம்மா, இரு, நான் போய்

உன் இடப்பக்கத்துக்காரன்,
மாதேசனின் அப்பன்