ஏழு பேரில் ஆறாவதாக வந்தான் உன் தம்பி

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், சம்பிரதாயத்துக்கு எழுதும் நலம் இல்லை, நிஜமான நலம், சந்தோஷத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது, எல்லாம் விவரமாக எழுது. முதலில் விஷயத்தைக் கேள், நேற்று ஆணழகன் போட்டியில் உன் தம்பி ஏழு பேரில் ஆறாவதாக வந்தான்! ஆறாவதுக்கா இந்தக் குதி குதிக்கிறாய் என்பாய்.

நீ அங்கே தனியாகக் கிடந்து அழுவாயே என்று அவன் பட்ட பாட்டைப் போனில் பாதிதான் சொன்னேன். போன வருஷம் மாதம் தவறாமல் என் தையல் கடைக்கு வந்து சட்டை பத்தவில்லை என்பான். கழுத்து பதினெட்டு அங்குலம்டா, உன் காலருக்கே தனியாக ஒரு மீட்டர் வாங்கணும் என்று கேலி செய்வேன், சிரிக்கவே மாட்டான். கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்று, "இன்னும் ஒல்லியாத்தாம்மா இருக்கேன்" என்பான். வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைகிற பிள்ளை! முப்பது வருஷமாக அளவெடுக்கிறவள் சொல்லியும் நம்பவில்லை. ஒருநாள் அவன் ஷூ டப்பாவில் ஊசியும் தசை ஏற்றும் மருந்துக் குப்பியுமாகப் பார்த்தேன். "எல்லாரும் போடுறாங்கம்மா, போடலைன்னா நான் ஒரு ஆளே இல்ல" என்றான். டாக்டரம்மா பரிசோதித்து, இதயத் தசை தடித்திருக்கிறது, இந்த வயதில் இவ்வளவு ரத்த அழுத்தமா என்று அதட்டியதும் பயந்து நிறுத்தினான். அதற்கப்புறம்தான் பெரிய கஷ்டம். உடம்பு வற்ற வற்ற மனசும் வற்றிப்போனது. வெயில் காலத்தில் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அறையிலேயே கிடந்தான். "கரைஞ்சு போறேம்மா" என்று அழுதான். ஒருநாள் மறுபடி ஒரு குப்பி வாங்கிவந்து, திறக்காமல் என் தையல் மெஷின் மேல் வைத்து, "நீயே தூக்கிப் போட்டுடு, என்னால முடியல" என்றான். அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம், இன்னும் போய்வருகிறான்.

நேற்று நடந்தது மருந்து போடாதவர்களுக்கான போட்டி, சோதனை செய்துதான் மேடையேற்றுவார்கள். போவேன் என்பான், மாட்டேன் என்பான், கடைசியில் போனான். மேடையில் கட்டும் அந்த உள்ளங்கை அளவுத் துணியைத் தைக்க நான் பட்ட பாட்டுக்கு இரண்டு கோட்டு தைத்திருக்கலாம். ஏழு பேரும் உடம்பெல்லாம் பழுப்புச் சாயம் பூசி வார்னிஷ் அடித்த பீரோ மாதிரி வரிசையாக நின்றார்கள். உன் அப்பா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி, "எங்க வீட்டுச் சிங்கம்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினார், யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்து! நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை. மேடையின் அந்தக் கோடியிலிருந்து உன் தம்பி, "அப்பா, நான் இங்க இருக்கேன்!" என்றான் பார், அரங்கமே கொல்லென்று சிரித்தது. அவனும் சிரித்தான். எக்கிப் பிடித்த வயிறு குலுங்கி, மடக்கிய கை தளர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள், குறைக்கட்டும் போ! ஒன்றரை வருஷம் கழித்து என் பிள்ளையின் பல்லைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, சோற்றைத் தராசில் நிறுக்காமல், போட்டதை எல்லாம் சாப்பிட்டான்.

முழுக்கத் தேறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். இன்று காலையும் கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றான். அவனாகவே விளக்கை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை அவனிடம் பேசும்போது "இளைச்சுட்டியே" என்றும் சொல்லாதே, "உடம்பு தேறிடுச்சே" என்றும் சொல்லாதே. என்னடா சேதி என்று கேள், அது போதும், அவனே பேசுவான்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா