வெந்நீர் என்று சொல்லச் சொன்னேன்

ஜூலை 8
ஓரம் கோணலென்று சிவகாசி அச்சாபீசில் கழித்த டைரி இது. எனக்கு நேராகத்தான் தெரிகிறது. இந்த வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன்; ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன்! வார்டு வாசலில் இருந்த ‘தீப்புண் பிரிவு’ என்பதையும் நானே வாசித்தேன். உள்ளே பேத்தி படுத்திருப்பது அப்புறம்தான் நினைவு வந்தது. வெட்கமாகிவிட்டது.

ஜூலை 9
ஓவியா இன்றும் பேசவில்லை. ஏழு வயது. வலது கை முழுக்கக் கட்டு. தொண்டையில் குறை இல்லை என்கிறார் டாக்டர்.
சுகிர்தா அம்மா என்று ஒருவர் வருகிறார். ஊசி போடுவதில்லை. சமூகப் பணியாளராம். மருமகள் இசைவாணிக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போன் பேசினார். ஓவியா பக்கத்தில் சும்மாவே உட்கார்ந்திருந்தார்.
“ஐயா, வெந்நீர் எப்படிக் கொட்டுச்சு?” என்று என்னிடம் கேட்டார்.
அடுப்பிலிருந்து என்றேன். பிள்ளை என்னையே பார்த்தது.

ஜூலை 11
வெந்நீர் இல்லை. தீபாவளி சீசன் ஆர்டரென்று என் மகன் முனியராஜ் வீட்டில் வைத்து வெடி செய்தான். கூடாதென்று தெரியாதா? தெரியும். பக்கத்தில் விளையாடிய பிள்ளை கையில் தீப்பிடித்தது. வேனில் வரும்போது நான்தான் சொன்னேன்: “யாரு கேட்டாலும் வெந்நீர்னு சொல்லணும் தாயி. இல்லாட்டி அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிருவாக.”
அதற்குப் பயந்தா ஒன்றுமே பேசாமல் இருக்கிறது? — நானா இப்படிச் செய்தேன்?

ஜூலை 12
உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று முனியராஜிடம் சொன்னேன். “எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதும் பெத்த மகனைக் காட்டிக் குடுக்கணுமாக்கும்?” என்று கத்திவிட்டு வெளியே போனான்.

ஜூலை 13
சொல்ல வாய் வரவில்லை. இதில் ஒரு தாளைக் கிழித்து சுகிர்தா அம்மாவுக்கு எழுதினேன். வெந்நீர் இல்லை. வெடி. நான்தான் மறைக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது.
சுகிர்தா அம்மா படித்ததும் டாக்டரிடம் ஓடினார். வெடி என்றால் கண்ணிலும் பட்டிருக்கலாமாம்; கண்ணையும் பரிசோதித்தார்கள். தப்பித்தது.
“விசாரணை வராதுன்னு வாக்குக் குடுக்க மாட்டேன் ஐயா. வந்தா கூட நிப்பேன். ஆனா ஓவியாகிட்ட நீங்கதான் சொல்லணும்.”
சொன்னேன். “தாத்தா தப்பாச் சொல்லிட்டேன் தாயி. நடந்ததைச் சொல்லலாம். உன்னால யாருக்கும் ஒண்ணும் வராது.”
பேசவில்லை. இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டது.

ஜூலை 14
பேசவில்லை.

ஜூலை 17
முனியராஜ் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்தான். சுகிர்தா அம்மாவும் கூடப் போனார். கேஸ் உண்டு. திரும்பி வந்தவன் எனக்கு டீ மட்டும் வாங்கி வைத்தான்.
அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து குரல்.
“எம்புட்டு நேரமா ஒரே வரியை எழுதுதீக தாத்தா?”
டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.