அகஸ்ரினாவின் மூன்றாவது பிள்ளை

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

ஜெயனியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், செலீனாவும் நானும். டயலிசிஸ் கிழமைக்கு இரண்டு நாள் இனிப் போதாது, மூன்று வேண்டும் என்றார் டொக்டர். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, சிறுநீரகம் மாற்றுவதுதான் வழி என்றார். செலீனாவின் இரத்தம் பொருந்துகிறது. தாய் தருவதென்றால் அலுவல் விரைவாக நடக்கும். தாய் என்பதற்கான பத்திரங்களைக் கொண்டுவாருங்கள்.

செலீனா எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டாள். பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"இப்ப என்ன செய்யிறது அக்கா?"

பத்திரங்களின்படி ஜெயனி என் தங்கையின் பிள்ளை இல்லை.

பெப்ரவரி 12, புதன்

ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

தொண்ணூறில் செலீனா சித்தியோடு படகேறி இந்தியாவுக்குப் போனாள், பத்து வயதில். நான் கன்னியர்மட விடுதியில் இருந்தபடியால் இங்கேயே தங்கிவிட்டேன். அவள் வளர்ந்தது மண்டபம் முகாமில். கட்டிய யோசேப் மதுரைப் பக்கத்து முகாம்காரன். கோயிலில் கலியாணம் முடிந்தும் அவளுடைய பதிவு மண்டபத்திலிருந்து மாறி வரவில்லை. அனுமதியில்லாமல் புருசனோடு இருந்தாள். அந்த நேரம் பார்த்து, எட்டாம் மாதத்தில் வலி வந்துவிட்டது. தன் பெயரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் வேறு முகாமில் இருந்தது தெரியவரும், பதிவை வெட்டிவிடுவார்கள். யோசேப்பின் அக்கா அகஸ்ரினா தன் முகாம் அட்டையைக் கொடுத்தாள். செலீனா அகஸ்ரினா என்ற பெயரில் படுத்துப் பிள்ளை பெற்றாள். பிறப்புச் சான்றிதழில் தாய் அகஸ்ரினா. தகப்பன் அகஸ்ரினாவின் புருசன்.

பிறகு யோசேப் செத்தான். அகஸ்ரினா குடும்பம் பத்து வருடத்துக்கு முதல் இலுப்பைக்கடவைக்குத் திரும்பியது. செலீனாவும் ஜெயனியும் வந்தது போன ஆவணியில். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஜெயனிக்குப் பிரசாவுரிமை, அதை வைத்து அடையாள அட்டை, அதை வைத்துக் கிளினிக் கொப்பி. விமானத்திலும் அவள் அகஸ்ரினாவின் மகளாகத்தான் வந்தாள். செலீனா அதே விமானத்தில் தனியாள்.

இன்னுமொன்று இருக்கிறது. 2016இல் அகஸ்ரினா வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, மூன்று பிள்ளைகளின் சான்றிதழ்களையும் சிங்களத்துக்கு மொழிபெயர்த்தது நான். மூன்றாவது ஜெயனியுடையது. 'மூலப் பிரதியின் உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முத்திரையைக் குத்தினேன். அது பொய்யில்லை. மூலத்தில் இருந்ததைத்தானே எழுதினேன்.

இந்த நியாயத்தை வேறு யாரும் என்னிடம் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேனா?

பெப்ரவரி 17, திங்கள்

அரசாங்கக் கந்தோரில் எனக்குத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரிடம் பேர் சொல்லாமல் விசாரித்தேன். யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் உடனே பிடித்துவிட்டார். எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸ், இது பிழையெண்டு நீங்களே எழுதிக் குடுத்தா அந்தப் பிள்ளையின்ர பிரசாவுரிமையும் அதோட ஆடும். பிறகு வெளிநாட்டுக்காரி எண்டுதான் ஆஸ்பத்திரியில பதிவினம். இதில கையை வையாதேங்கோ."

நல்ல மனுசன். அதுதான் எனக்குக் கூடக் கோபம். இந்தத் தாள் இருந்தால் கட்டில் உண்டு, சிறுநீரகம் இல்லை. தாள் பொய்யென்று சொன்னால் சிறுநீரகம் கிடைக்கலாம், கட்டில் போய்விடலாம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம்.

நான் இரண்டையும் கேட்பேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

சத்திரசிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். விடிய முதல் பஸ். உறுப்புத் தானத்துக்குப் பதிகிற அலுவலர் செலீனாவின் அடையாள அட்டையையும் ஜெயனியின் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செலீனாவுக்குச் சிங்களம் தெரியாது. நான் மொழிபெயர்த்தேன்.

எவ்வளவு தருவதாகப் பேசியிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அது என் தொழில்.

செலீனா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எட்டு மாசம் வயித்தில வச்சிருந்ததுக்கு ஆரும் எனக்குக் காசு தரேல்ல எண்டு சொல்லுங்கோ."

ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். அவர் 'உறவு நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினார். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றார். சரியென்று என் கொப்பியை எடுத்து, அவருக்கு முன்னாலேயே, அவர் பெயர், கேள்வி, நேரம் எல்லாம் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்.

மார்ச் 1, சனி

இலுப்பைக்கடவை. அகஸ்ரினா முற்றத்தில் கதிரை போட்டாள். இரண்டு அறை வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. நீங்கள் தாயில்லை என்று ஒரு சத்தியக் கடதாசி தர வேண்டும் என்றேன். வளைத்துப் பேச எனக்கு வராது.

அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"மச்சாள், நான் களவெடுக்கிறதுக்குப் பேர் குடுக்கேல்ல. அண்டைக்கு நான் அட்டை குடுக்காட்டி உங்கட தங்கச்சி றோட்டில பெத்திருப்பாள்."

எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீங்கள்? மூண்டு பிள்ளை எண்டு காட்டி எடுத்த வீடு இது. இல்லை, ரெண்டுதான் எண்டு எழுதித் தந்திட்டு நான் எங்க போய் இருக்கிறது? உங்கட முத்திரை குத்தின தாளிலதானே வீடும் வந்தது."

தேத்தண்ணியைக் குடித்தேன். வேறென்ன செய்ய? வெளிக்கிடும்போது, ஜெயனி இப்போது என்ன சாப்பிடலாம் என்று கேட்டாள். கருவாடு கூடாது, உப்பு. முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடலாம் என்றேன். பத்து முட்டையைப் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றித் தந்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வழக்கம்போல. முட்டை ஒன்றும் உடையவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பின்னேரம் ஜெயனியின் கட்டிலடியில் இருந்து ஃபைலை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் கால் வீங்கிக் கிடக்கிறது. பேச்சு மட்டும் குறையவில்லை. அது இன்னும் மதுரைப் பேச்சுத்தான்.

"பெரியம்மா, அந்த ஃபைலைப் பாத்தா எனக்கு ரெண்டு அம்மா இருக்காங்க. கிட்னிதான் ஒண்ணுகூட இல்ல."

சிரிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிறகு அவள் சாதாரணமாகச் சொன்னாள், சர்ச்சில் மட்டும்தான் எல்லாம் சரியாக இருக்கிறதாம். உறுதிபூசுதலுக்குப் பெயர் வாசித்தபோது யோசேப், செலீனா மகள் என்றுதான் ஃபாதர் வாசித்தாராம்.

ஃபைலைக் கீழே வைத்தேன். குசினிக்குப் போய்ச் செலீனாவைக் கேட்டேன். ஓம் என்றாள், அரிசி கழுவிக்கொண்டே. பிள்ளை பிறந்து பதினோராம் நாள் ஞானஸ்நானம். கொப்பியில் தாய் செலீனா, தகப்பன் யோசேப், ஞானத்தாய் அகஸ்ரினா. அகஸ்ரினா கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது கோயில் கொப்பிதானே அக்கா. கந்தோரில ஆர் அதைப் பாக்கிறது?"

ஆஸ்பத்திரியில் பொய், முகாமில் பொய், இரண்டு அரசாங்கத்துக்கும் பொய். கோயிலில் மட்டும் ஏன் உண்மை என்றேன். நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஞானஸ்நானத்தில எப்பிடிப் பொய் சொல்லுறது?"

பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம், மொழிபெயர்ப்பில் இருபது வருடம். எந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்தவள் நான். இது என் புத்திக்கு எட்டவேயில்லை. கோயிலை நான் ஒரு சாட்சியாக நினைத்ததே இல்லை.

மார்ச் 10, திங்கள்

மதுரைப் பக்கத்து அந்தப் பங்குக் கோயிலுக்குக் கடிதம் எழுதினேன். 'வணக்கத்துக்குரிய தந்தையே' என்று தொடங்கவே கால் மணித்தியாலம் பிடித்தது.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டது. பங்கு முத்திரையோடு பதிவின் பிரதி, அந்தப் பக்கத்தின் படமும் கூட. மை பழுப்பாகிவிட்டது. அகஸ்ரினாவின் கையெழுத்து உருண்டை உருண்டையாக, கோட்டை விட்டு இறங்காமல்.

ஏப்ரல் 11, வெள்ளி

சட்டத்தரணி சனூனிடம் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

"மிஸ், உங்கட ஆக்கள் பொலிசுக்குப் பயப்பிடாயினம், ஃபாதருக்குப் பயப்பிடுவினம். எங்கட ஆக்களும் அப்பிடித்தான், பள்ளிவாசல் லெப்பைக்கு."

இது பிறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது என்றார். ஆனால் அந்த நேரமே எழுதின தாள், ஒரு தேவையும் இல்லாமல் எழுதின தாள். இதைக் காட்டி நீதிமன்றத்தில் டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கட்டளை கேட்கலாம், வெறும் வாயோடு போனால் எடுபடாது. செலீனாவும் இந்த நாட்டுப் பிரசைதானே, அவளுடைய மகளாகவே பிள்ளைக்குப் பிரசாவுரிமை கேட்கலாம். அது வரும்வரை பழையதை நிறுத்தக் கூடாதென்றும் கேட்கலாம்.

ஒரு குறை. பழைய சான்றிதழ் பொய்யென்று அறிந்த ஒருவர் சத்தியம் செய்ய வேண்டும். செலீனா சொன்னால் போதாது, அவள் பயன் பெறுகிறவள். அகஸ்ரினாவை அழைப்போமா என்றார்.

வேண்டாம், நான் அறிந்தவள் என்றேன்.

சனூன் பேனையை வைத்துவிட்டார். "2016இலயும் அறிஞ்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"முத்திரை போகும் மிஸ்."

"எழுதுங்கோ."

ஏப்ரல் 22, செவ்வாய்

சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். ஆறு பந்தி. நாலாம் பந்தியில், அறிந்துகொண்டே அத்தாட்சிப்படுத்தினேன் என்று இருக்கிறது. சனூன் அதை 'கவனயீனமாக' என்று மாற்றிப் பார்த்தார். நான் வெட்டிவிட்டேன். கவனத்தோடுதான் செய்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அகஸ்ரினா போன் எடுத்தாள். செலீனா சொல்லியிருக்கிறாள்.

"என்னைக் கேளாமல் என்ர கையெழுத்தை எடுத்துப்போட்டியள்."

ஞானஸ்நானப் பதிவை அவளைக் கேளாமல் எடுத்தது உண்மை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாகிவிடும், திரும்பவும் எடுப்பேன்.

பிறகு சொன்னாள்: "என்னைக் கூப்பிட்டா நான் பொய் சொல்லமாட்டன். கூப்பிடாமப் பாருங்கோ."

வைத்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

வழக்கு இன்னொரு நாளுக்குத் தவணை.

ஜூன் 17, செவ்வாய்

கட்டளை கிடைத்தது. பழைய பிரசாவுரிமையில் இப்போதைக்குக் கைவைக்கக் கூடாது என்பதும் சேர்த்து. அகஸ்ரினாவை யாரும் அழைக்கவில்லை. செலீனாவுக்கும் ஜெயனிக்கும் வாயில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. பத்தொன்பது வருடக் கதை.

ஜெயனிக்கு இந்த மாதம் இரண்டு முறை காய்ச்சல். குழாய் போட்ட இடத்தில் தொற்று. நாட்களை எண்ணாமல் இருக்க முயல்கிறேன், முடியவில்லை.

ஜூலை 9, புதன்

தானத்தை விசாரிக்கும் குழு. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். டி.என்.ஏ. முடிவு, ஞானஸ்நானப் பதிவு, என் சத்தியக் கடதாசி எல்லாம் முன்னால் கிடந்தன. தலைமை வகித்த டொக்டர் அம்மா என் கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஏன் இதை இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

முன்பு சொல்லியிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது, இப்போது உங்களுக்குக் கேட்க வேண்டியிருக்கிறது என்றேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டது போல. சனூன் இருமினார்.

செலீனாவைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்புக்கு அவர்களுடைய ஆள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பேச்சை இன்னொருவர் மொழிபெயர்க்க நான் வெளியே இருந்தது இதுவே முதல் முறை. நாற்பது நிமிடம்.

வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"பிள்ளைக்கு வருத்தமெண்டு முதல்ல எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவை. பதினொரு வயசில ஒருநாள் பள்ளிக்கூடச் சப்பாத்து காலில ஏறேல்ல, புதுச் சப்பாத்து, வாங்கி ஒரு மாசம், அப்பதான் எண்டு சொன்னன். அந்த டொக்டர் அம்மா அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்ல."

ஜூலை 28, திங்கள்

அனுமதி வந்தது. 'கொடையாளி: தாய்.' மூன்று மொழியிலும் சரிபார்த்தேன்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

எனக்கும் ஒரு கடிதம். விசாரணை முடியும்வரை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றக் கூடாது. முத்திரையைக் கந்தோரில் பாரம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். முத்திரையை வாங்கி வைத்த கந்தோர்ப் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தாள். அப்படிப் பார்க்கத் தேவையில்லை.

விசாரணையில் என்னைக் கேட்டால் சொல்வதற்கு ஒரே ஒரு விசயம்தான். எந்தப் பத்திரம் எதற்கென்று அகஸ்ரினாவுக்கு நான் விளக்கவில்லை, அவள் கொண்டுவந்ததை மொழிபெயர்த்தேன், அறிந்து முத்திரை குத்தியது நான். வீட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் இலுப்பைக்கடவைக்குப் போக முதல் என்னிடம் வரட்டும்.

செப்ரெம்பர் 11, வியாழன்

காலை ஏழு மணிக்கு இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு, கண்ணாடிக்கு வெளியே நின்று ஜெயனியைப் பார்க்க விட்டார்கள். எத்தனையோ குழாய். கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கியது. அதில் மஞ்சளாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு என்று சொல்ல முடியாது, ஓடியது. சிங்களத் தாதி குனிந்து அளவைப் பார்த்து எழுதினாள். நிமிர்ந்து என்னைக் கண்டுவிட்டு நாலு விரலைக் காட்டினாள். ஒரு மணித்தியாலத்தில் நானூறு மில்லிலீற்றர். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளில்கூட அவ்வளவு போனதில்லை.

நான் சிங்களத்தில் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள், தெரிந்த கொஞ்சத் தமிழில், செலீனா இருந்த மேல்மாடியைக் கையால் காட்டி:

"போங்க. அம்மாட்ட சொல்லுங்க."

லிப்ட் வர நேரமானது. படியால் ஏறினேன்.